ஐம்பத்து நாலும் ஆறும்

ஒண்ணு, வளர்ச்சி இல்ல, எழுதிக்கோங்க பாய். ரெண்டு, இல்ல. மூணு, இல்ல. இப்படியே அறுபதும் போச்சுன்னா நான் தொலைஞ்சேன். வெளியில சொன்னா சிரிப்பாங்க, கிருமி வளரலையேன்னு ஒருத்தி கவலைப்படுறாளான்னு. இந்த லேபுல இருபது வருஷம் கிருமியோட குடும்பம் நடத்துறவ நான், எனக்குத்தான் அந்தக் கவலை தெரியும். கிருமி வளக்கிற இந்த அறுபது பிளேட்டுல அம்பத்து நாலு சுத்தமா இருக்கணும், ஆறு வளந்திருக்கணும். அம்பத்து நாலும் ஞானசெல்வம் சிஸ்டரோடது: பதினெட்டு நாள் அவங்க டூட்டி, தினம் மூணு, அவங்க கை, அவங்க தொட்ட தொட்டில், அவங்க கை நுழைச்ச இன்குபேட்டர் ஜன்னல். மிச்சம் ஆறு, பச்சைக் குழந்தை வார்டுல இருந்து பேத்தெடுத்த வாஷ்பேசினோட அடிக்குழாய். அத இங்கதான் லேப் அலமாரியில தண்ணி ஊத்தி வச்சிருக்கோம். அந்த ஆறும் வளரலைன்னா பிளேட்டே சரியில்ல, மத்த கிருமியை அடக்க அதுல போடுற மருந்தை நான் அதிகமாக் கலந்துட்டேன்னு அர்த்தம், அப்புறம் மத்த அம்பத்து நாலு சுத்தமா இருக்கிறதுக்கு மதிப்பே கிடையாது. அந்த அம்பத்து நாலுல ஒண்ணே ஒண்ணு வளந்துட்டாலும் போச்சு, சிஸ்டர் திரும்ப வார்டுக்குள்ள கால் வைக்க முடியாது. எது எதுன்னு எனக்குத் தெரியாது. பிளேட்டுல நம்பர் மட்டும்தான். பட்டியல் சூப்பிரண்டு வைகுண்டம் சார்கிட்ட இருக்கு. மாதிரி எடுத்த டியூபுக்கு அவரே நம்பர் போட்டாரு, அவரே கலைச்சாரு, அவரே கவர்ல வச்சு ஒட்டினாரு, ஒட்டின இடத்துல கையெழுத்தும் போட்டாரு, ஓட்டுப் பெட்டிக்கு சீல் வைக்கிற மாதிரி. பதினோரு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காரு. இப்ப பத்து அஞ்சு. நாலு, இல்ல. அஞ்சு, இல்ல. முகைதீன் பாய் ஒவ்வொண்ணுக்கும் 'இல்ல'ன்னு திருப்பிச் சொல்லிட்டுத்தான் எழுதுறாரு, என்னைவிட எட்டு வருஷம் கூடுதலா இந்த லேபுல இருக்கிறவரு, வாய் சொல்லாம பேனா நகராது. குரல்ல ஒரு ஏத்த இறக்கமும் கிடையாது. மத்த நாள் எனக்கு அது நிம்மதியா இருக்கும், இன்னைக்கு எரிச்சலா இருக்கு.

ஆறு, இல்ல. எல்லாம் நான் போட்ட அட்டவணையால வந்த வினை. நினைக்கக் கூடாதுன்னுதான் காலையில கிளம்புறப்ப முடிவு பண்ணினேன், ஆனா கை பிளேட்டைத் திறக்க திறக்க மனசு அங்கேயே போய் நிக்குது. நவம்பர்ல ஆரம்பிச்சு பிப்ரவரிக்குள்ள பதினோரு குழந்தைகளோட ரத்தத்துல கிளெப்சியெல்லாங்கிற கிருமி. எங்க வார்டுல பிறந்த குழந்தைக்குப் பேர் கிடையாது, பேபி ஆஃப் மாரிக்கனி, பேபி ஆஃப் ஜெயராணின்னு அம்மா பேர்தான் பாட்டில்ல ஒட்டியிருக்கும். எனக்கு அந்தக் குழந்தைங்க முகம் தெரியாது, பாட்டில்தான் தெரியும். பாட்டில்ல ரத்தம் கலங்கினா நான் வார்டுக்கு போன் பண்ணுவேன். மூணு தடவை நான் போன் பண்ணி ரெண்டு நாள்ல அந்தப் பேர்ல பாட்டில் வர்றது நின்னு போச்சு. மாரிக்கனி பிள்ளை மூணாவது. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. மறுநாள் உக்காந்து, எந்த ஷிப்டுல எத்தனை பேருக்கு வந்திருக்குன்னு ஒரு அட்டவணை போட்டேன். ஏழு, இல்ல. அ, ஆ, இன்னு தலைப்புப் போட்டிருக்கலாம். முதல் ஷிப்ட், ரெண்டாவது ஷிப்டுன்னு போட்டிருக்கலாம். நான் என்ன பண்ணினேன், மீட்டிங்ல இருக்கிறவங்களுக்குச் சட்டுன்னு புரியட்டும்னு பொறுப்பு சிஸ்டருங்க பேரையே மேல எழுதினேன். புத்திசாலி. பதினொண்ணுல எட்டு ஞானசெல்வம் பேருக்குக் கீழ. வைகுண்டம் சார் கண்ணாடியை இறக்கிட்டுப் பாத்தாரு, 'இவங்க கையை ஸ்வாப் எடுங்க'ன்னாரு. கை கழுவி முடிச்ச கையோட பஞ்சுக் குச்சியால துடைச்சு எடுத்தோம். வளந்துச்சு. சாயந்திரமே மெமோ. இருபத்தேழு வருஷம் குழந்தை வார்டுல நின்னவங்களைத் துணி ஸ்டோருக்கு அனுப்பிப் போர்வை மடிக்க வச்சாங்க. சாப்பாட்டு ரூம்ல மத்த சிஸ்டருங்க அவங்க டப்பா பக்கத்துல டப்பா வைக்கல. நான் பாத்தேன். பாத்துட்டு நானும் வேற மேஜைக்குத்தான் போனேன், அதையும் சொல்லிடுறேன். எட்டு, இல்ல. ஒம்பது, இல்ல.

இதுல கொடுமை என்னன்னா, இந்த ஆஸ்பத்திரியில அவங்க மாதிரி கை கழுவுறவங்க யாரும் கிடையாது. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு, ஒண்ணும் விட மாட்டாங்க. நேரத்துக்குக் கடிகாரம் பாக்க மாட்டாங்க, வாய்க்குள்ள பரமண்டல ஜெபம் ஒரு தடவை முழுசா ஓடும், ஆமென் வந்தாத்தான் குழாயை மூடுவாங்க. ஒரு டூட்டியில நாப்பது தடவை. புதுசா வர்ற பொண்ணுங்க அரைகுறையாக் கழுவினா முழங்கையில ஒரு தட்டு விழும். அப்படிப்பட்ட கையில கிருமின்னு நான் எழுதிக் குடுத்தேன். அஞ்சாம் நாள் லிப்ட் பக்கத்துல என்னை மறிச்சாங்க. அதுவரைக்கும் என்னை வடிவுன்னு கூப்பிட்டவங்க. 'மேடம், என் கையைத்தான பாத்தீங்க. நான் கை கழுவின இடத்தைப் பாத்தீங்களா?' அவ்வளவுதான், போர்வைக் கட்டைத் தூக்கிட்டு மாடி ஏறிப் போயிட்டாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. முதல்ல கோவம்தான் வந்துச்சு. எனக்கே பாடமான்னு. அந்தக் கோவத்தோடயே வார்டுக்குப் போய் அந்த வாஷ்பேசின் முன்னால அரை மணி நேரம் நின்னேன். பத்து, இல்ல. நின்னு பாத்தாத்தான் தெரியுது. குழாய் நேரா ஓட்டைக்கு மேல. திறந்தா தண்ணி ஓட்டைக்குள்ள அடிச்சு, கீழ கிடக்கிறதைச் சேத்து மேல தெறிக்குது, கையில, முழங்கையில, பக்கத்துல மடிச்சு வச்ச துணியில. அந்த ஓட்டைக்குள்ள என்ன போகுது? ஒரு தாய் வந்து பாலாடையைக் கழுவுறா. ஒரு சிஸ்டர் மெரோபெனம் குப்பியைக் கவுத்துறாங்க. ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு ஊசி மருந்து நாப்பது மில்லிகிராம், குப்பியில இருக்கிறது ஐநூறு. உடைச்ச குப்பியை வச்சுக்கக் கூடாதுன்னு சட்டம். மிச்சம் அவ்வளவும் பேசின்ல. சட்டத்தைக் கண்ணை மூடிட்டுப் பின்பத்துறவங்க யாரு? ஞானசெல்வம் சிஸ்டர். ஊத்திட்டுக் கையை நல்லாக் கழுவுறவங்க யாரு? அவங்களேதான். பாலையும் ஊத்தி மருந்தையும் ஊத்தி வருஷக்கணக்காக் கிருமியை மருந்துக்குப் பழக்கி வளத்திருக்கோம், அதுக்குப் பக்கத்துலயே நின்னு அதிகமாக் கை கழுவினவங்க அதிகமா வாங்கியிருக்காங்க. நான் என் கையை அவங்க மாதிரியே கழுவினேன், ஜெபம் எனக்குத் தெரியாது, அறுபது எண்ணினேன். விரலைப் பிளேட்டுல வச்சேன். மறுநாள் எட்டு காலனி, கிருமி குடியேறின எட்டுப் புள்ளி. எனக்கு ஒரு சந்தோஷம் வந்துச்சு, அந்தச் சந்தோஷத்துக்காக வெக்கப்பட்டேன். சூப்பிரண்டுகிட்ட ஓடினேன், நீங்களும் ஒரு தடவை கழுவுங்க சார்னேன். எனக்கு ஓபி இருக்குன்னுட்டாரு.

பதினொண்ணு. பாய், இருங்க. வளந்திருக்கு. இளஞ்சிவப்பா, ஈரமா, கொழகொழன்னு, பிளேட்டைச் சாய்ச்சா வழியுற மாதிரி. அப்பாடா, பிளேட்டு வேலை செய்யுது, மருந்து அளவு சரி, நான் மடச்சி இல்ல. ஆனா இது குழாயா, சிஸ்டரா? லூப்ங்கிற கம்பி வளையத்தை எடுத்தேன். காலனியைத் தொட்டு மெதுவா மேல தூக்கினா நூல் வருது, வெண்டைக்காய் நறுக்கினா வருமே அந்த மாதிரி, அஞ்சு மில்லிமீட்டர் தாண்டினா ஆபத்துன்னு கணக்கு, இது ஒண்ணரை சென்டிமீட்டர் வந்து அறுந்துச்சு. குழந்தைங்க ரத்தத்துல இருந்த அதே கிருமி. அவனேதான். இந்த நூலை நான் முதல்ல பாத்தப்ப யாரும் நம்பல. ஏன்னா இந்தக் கிருமியில பொதுவா ரெண்டு வகை. ஒண்ணு எந்த மருந்துக்கும் அடங்காது, ஆனா சோப்ளாங்கி, ஏற்கனவே சாஞ்சு கிடக்கிறவங்களைத்தான் தொடும். இன்னொண்ணு நல்லா இருக்கிற ஆளையே அடிச்சுப் போட்டுரும், ஆனா சாதாரண மருந்துக்கே செத்துரும். ரெண்டும் ஒரே உடம்புல சேராதுன்னு எங்களுக்குப் படிக்கிறப்ப சொல்லிக் குடுத்தது. அந்த அடிக்குழாய்ல சேந்துருச்சு. ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருந்து, கையில இருக்கிறதைக் குடுத்து வாங்கி, பலமும் திமிரும் ஒரே இடத்துல. மருந்துக்கு அடங்கலைன்னு ஒரு ரிப்போர்ட் நான் குடுத்தப்ப சரின்னாங்க. நூல் இழுக்குது, ஆளை அடிக்கிற வகையும் இதுதான்னு சொன்னப்ப, மீட்டிங்ல ஒருத்தரு, 'மேடம் நீங்க எம்பிபிஎஸ் இல்லல்ல'ன்னாரு. இல்லதான். பிஎச்டி. பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கிட்டா கேண்டீன்ல கூட சிரிக்கிறாங்க. பெரிய ஊரு லேபுக்கு அனுப்பினேன், ஜீனை வரிசையாப் படிச்சுப் பாத்து, ரெண்டும் ஒண்ணுலயே இருக்கு, உங்க குழாய்ல இருக்கிறதும் குழந்தைங்க ரத்தத்துல இருந்ததும் ஒரே கிருமின்னு எழுதி வந்துச்சு. அந்தத் தாளை நான் நாலு தடவை படிச்சேன். நான் சொன்னது சரி. அதை ஒரு தடவை எனக்குள்ள சத்தமாவே சொல்லிக்கிட்டேன். ஆனா வைகுண்டம் சார் விடல. கிருமி குழாய்ல இருந்துச்சு சரி, குழந்தைகிட்டக் கொண்டு போனது யாரு, அந்தக் கைதானேன்னாரு. அதுக்குத்தான் இந்த அறுபது. பேசினைப் பேத்து, ஓட்டையைச் சிமெண்ட் வச்சு அடைச்சு, மிச்ச மருந்துக்கு மஞ்ச கேன் வச்சு, கைக்கு ஸ்பிரிட் தைலம் குடுத்து, அதே சிஸ்டரை அதே வார்டுல பதினெட்டு நாள் நிக்க வச்சோம். ஒரு குழந்தைக்கும் ஒண்ணும் வரல. 'அதிர்ஷ்டமா இருக்கலாம்'ங்கிறாரு. வளர்ச்சி, நூல் பதினஞ்சு, எழுதிக்கோங்க பாய். 'வளர்ச்சி. பதினஞ்சு.'

பன்னெண்டு, இல்ல. பதினஞ்சு, இல்ல. பதினெட்டு, இல்ல. பத்தொம்பது, வளர்ச்சி. இருபது, வளர்ச்சி. ஒட்டி ஒட்டி ரெண்டா? ஆறு பிளேட்டை அறுபதுக்குள்ள ஒளிக்கிற மனுஷன் பக்கத்துல பக்கத்துலயா வைப்பாரு? தள்ளித் தள்ளித்தான வைப்பாரு. அப்ப இதுல ஒண்ணு குழாய், இன்னொண்ணு சிஸ்டர். சே, அப்படிப் பாத்தா எதையும் எப்படியும் நினைக்கலாம். பஸ்ல அடுத்தடுத்து ரெண்டு பேர் ஒரே பேரோட உக்காரலையா. ஆனா சீட்டுக் குலுக்கிப் போட்டாரா, கண்ணாலயே கலைச்சாரான்னு நான் கேக்கல, கேட்டிருக்கணும். கண்ணால கலைச்சா கண்டிப்பா பக்கத்துல வராது. அப்ப ஒண்ணு சிஸ்டர். எந்த நாளா இருக்கும், ஒன்பதாம் நாளா, அன்னைக்குக் கரண்டு போச்சே, தைலம் தீந்து போய் வெளியில போய் எந்த பேசின்லயாவது கழுவினாங்களா. கேக்கணும். கேட்டா என்ன, கேட்டாலும் வளந்தது வளந்ததுதான். இருபத்தொண்ணு, இல்ல. போய்த் துணி ஸ்டோர்ல மறுபடி போர்வை மடிப்பாங்க. ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கு. என்னை லிப்ட் பக்கத்துல பாத்தா இந்தத் தடவை ஒண்ணும் கேக்க மாட்டாங்க, தலையைத் திருப்பிட்டுப் போவாங்க. 'மேடம், இருபத்திரண்டு'ன்னாரு பாய். இல்ல. கழுத்து வலிக்குது, கேபினெட் கண்ணாடியில என் மூச்சுப் பட்டுப் பட்டு மங்குது. முப்பத்து மூணு, வளர்ச்சி, ஆனா நூல் நாலு மில்லிமீட்டர்தான். வேற கிருமியா? சிஸ்டர் கையிலேர்ந்து வேற ஏதோ சாதா கிருமின்னா தப்பிக்கலாமா? பாரு, என் மனசு எப்படித் தப்பிக்க வழி தேடுது. பக்கத்துக் காலனியை இழுத்தேன், சரசரன்னு பதினெட்டு வந்துச்சு. அவனேதான், முதல்ல நான் அவசரப்பட்டுத் தூக்கியிருக்கேன். நாப்பத்தொண்ணு, வளர்ச்சி. அஞ்சு ஆச்சு. இன்னும் ஒண்ணு வரணும், ஒண்ணுக்கு மேல வரக் கூடாது. வாழ்க்கையில ஒரு கிருமிக்காக இப்படி நான் வேண்டினது கிடையாது. நாப்பத்தஞ்சு, இல்ல. அம்பது, இல்ல. அம்பத்திரண்டு, வளர்ச்சி.

ஆறு. கணக்கு முடிஞ்சுது. இனி மிச்சம் எட்டும் சுத்தமா இருக்கணும். பாய் பேனாவைக் கீழ வச்சு விரலை நெட்டி முறிச்சாரு, அவரும் எண்ணிட்டுத்தான் இருந்திருக்காரு, கள்ளன், ஒண்ணும் காட்டிக்கல. அம்பத்து மூணு, இல்ல. அம்பத்து நாலு, இல்ல. அஞ்சு, ஆறு, ஏழு, இல்ல, இல்ல, இல்ல. அம்பத்தெட்டு. ஓரத்துல ஒரு புள்ளி. கடுகுல பாதி. நான் பாத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். பாய் எனக்குப் பின்னால ரெண்டடி தள்ளி உக்காந்திருக்காரு, அவரு பாக்கிறது என் முதுகை. இல்லன்னு சொன்னா எழுதிக்குவாரு. வாய் அந்தச் சொல்லுக்கு ரெடியா இருக்கு, அம்பத்தொரு தடவை சொல்லிப் பழகின வாய். யாருக்கும் நஷ்டமில்ல, குழந்தைங்க நல்லா இருக்கு, பேசின் போச்சு, சிஸ்டர் கை சுத்தம்னு எனக்கு மனசுல தெரியும். மனசுல தெரிஞ்சதை நம்பித்தானே அன்னைக்கும் அந்தம்மா பேரைத் தலைப்புல எழுதினேன். அன்னைக்கும் எனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. 'பாய், இங்க வாங்க. ஒரு புள்ளி இருக்கு.' வந்தாரு. குனிஞ்சாரு. கண்ணாடியைத் துடைச்சு மறுபடி குனிஞ்சாரு. நான் லூப்பை வச்சேன், இடது கையால வலது மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டேன். தொட்டேன். நசுங்கல. நூலும் வரல, ஈரமும் இல்ல, கெட்டியா உருளுது. பிளேட்டுல ஊத்துற அகர் கூழோட கரையாத துணுக்கு. கிளாஸ் ஸ்லைடுல வச்சுச் சாயம் ஊத்தி மைக்ராஸ்கோப்புல நான் பாத்தேன், அப்புறம் பாய் பாத்தாரு. ஒரு கிருமி கிடையாது, வெறும் துணுக்கு. 'நேத்து ஊத்துறப்ப அடியில கொஞ்சம் கட்டி தட்டினது மேடம், நான்தான் கலக்கினேன்'னாரு, அதே குரல்ல. அவரு கன்னத்தைக் கிள்ளலாம் போல இருந்துச்சு. எழுதுங்க பாய், அம்பத்தெட்டு, இல்ல. அம்பத்தொம்பது, இல்ல. அறுபது, இல்ல. கையுறையைக் கழட்டினேன். உள்ள கை ஊறிப் போய்ச் சுருங்கிக் கிடந்துச்சு.

பதினொண்ணு பத்துக்கு வைகுண்டம் சார் வந்தாரு, சட்டைப் பாக்கெட்டுல கவர். உக்காரச் சொன்னேன், உக்காரல. முதல்ல எங்க தாளை அவரு கையில குடுத்து ஒரு நகலை பாய் வச்சுக்கிட்டாரு, அது அவரு யோசனை, கவரைத் திறந்த பிறகு யாரும் எதையும் மாத்தினதா பேச்சு வரக் கூடாதுன்னு. சார் ஒட்டின இடத்தைக் காட்டினாரு, பேனாவால கிழிச்சாரு. 'குழாய் எடுத்த நம்பரை மட்டும் வாசிக்கிறேன், நீங்க சொல்லுங்க'ன்னாரு. நான் பாய்கிட்ட கையைக் காட்டினேன். 'பதினொண்ணு.' 'வளர்ச்சி.' 'பத்தொம்பது.' 'வளர்ச்சி.' அடுத்து அவரு வாயைத் திறக்கிறதுக்குள்ள எனக்கு ஒரு வருஷம் ஆன மாதிரி இருந்துச்சு. 'இருபது.' 'வளர்ச்சி'ன்னாரு பாய். எதுக்கு சார் பக்கத்துல பக்கத்துல வச்சீங்கன்னு என்னையறியாமக் கேட்டுட்டேன். 'நீங்க அப்படி எதிர்பாக்க மாட்டீங்கன்னுதான்'னாரு, முதல் தடவையா லேசா சிரிச்சாரு. முப்பத்து மூணு, நாப்பத்தொண்ணு, அம்பத்திரண்டு. வளர்ச்சி, வளர்ச்சி, வளர்ச்சி. மிச்சம் அம்பத்து நாலும் சிஸ்டர். அம்பத்து நாலும் சுத்தம். ஜெயிச்சுட்டோம். ஸ்டூல்ல உக்காந்து சிரிச்சேன், சிரிக்கிறேன்னு நினைச்சா கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, துடைக்க லேப்ல டிஷ்யூ கூட இல்ல. பாய் 'அல்ஹம்துலில்லா'ன்னாரு, அம்பத்து நாலு தடவை இல்லன்னு சொன்ன அதே குரல்ல. சார் பட்டியலை ரெண்டு தடவை மேலயும் கீழயும் பாத்தாரு. 'அப்ப பேசின்தான்'னாரு. பேசின்தான் சார். 'எல்லா வார்டுலயும் பாக்கணும்'னாரு. பாக்கணும் சார். நாளைக்கே லிஸ்ட் குடுக்கிறேன், முப்பத்தோரு பேசின் இருக்கு, ஐசியூல குழாய் இதே மாதிரிதான் ஓட்டைக்கு மேல நிக்குதுன்னேன். நான் பேசப் பேச அவரு தலையை ஆட்டினாரு. எம்பிபிஎஸ் இல்லன்னு யாரும் சொல்லல.

அப்புறம் கிளம்புறப்ப கதவுகிட்ட நின்னு, 'சிஸ்டர் வார்டுலயே தொடரட்டும், நான் மேட்ரன்கிட்ட வாயால சொல்லிடுறேன்'னாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. மெமோவை வாயாலயா சார் குடுத்தீங்கன்னு கேட்டேன். அவரு நின்னாரு. திரும்பி என்னைப் பாத்தாரு. 'நீங்க போட்ட அட்டவணையைப் பாத்துத்தான மேடம் குடுத்தேன்?' நறுக்குன்னு இருந்துச்சு. நெஜம்தான். இத்தனை மாசமா யாராவது இதைக் கேப்பாங்களோன்னு பயந்துட்டே இருந்தேன், கேட்டப்ப ஆச்சரியமா பயம் போயிருச்சு. ஆமா சார், அதையும் சேத்து எழுதுங்கன்னேன். என் பேரைப் போட்டு எழுதுங்க, பேரை எங்க எழுதணுமோ அங்க எழுதுவோம். சார் கவரை மடிச்சுப் பாக்கெட்டுல வச்சாரு. அப்புறம் பாய் உக்காந்த நாற்காலியிலயே உக்காந்து, லேப் தாள்லயே கையால எழுதினாரு, சீல் வாங்க பாய் ஆபீசுக்குப் போயிட்டு வந்தாரு. நான் படியில இறங்கிப் போனேனா பறந்து போனேனான்னு தெரியல, லிப்டுக்கு நிக்கப் பொறுமை இல்ல. செருப்பை மாத்தி, கவுன் போட்டு, கையில தைலம் தேச்சு வார்டுக்குள்ள போனா, சிஸ்டர் கடைசி இன்குபேட்டர்ல ரெண்டு கையையும் உள்ள விட்டுட்டு நிக்கிறாங்க, உள்ள ஒரு கைப்பிடிக் குழந்தை, பேபி ஆஃப் செல்லக்கனின்னு அட்டை. மேஜைகிட்ட நாலு சிஸ்டருங்க ரிப்போர்ட் எழுதிட்டிருந்தாங்க, டப்பா தள்ளி வச்சவங்கதான். சுவரோரம் தாய்மாருங்க. நான் தாளை நீட்டினேன். அவங்க நிமிந்து பாக்கல.

'கை வேலையா இருக்கு. படிங்க.'

படிச்சேன். குழந்தைங்க தூங்குறாங்களேன்னு மெதுவாத்தான் படிச்சேன். செவிலியர் ஞானசெல்வம் அவர்களின் கைகளில் இருந்தோ அவர் தொட்ட இடங்களில் இருந்தோ எடுக்கப்பட்ட ஐம்பத்து நாலு மாதிரிகளில் எதிலும் கிருமி இல்லை. நோய்க்குக் காரணம் வார்டில் இருந்த கை கழுவும் தொட்டியின் அடிக்குழாய். அந்த இடத்தை முதலில் சுட்டிக்காட்டியவர் செவிலியர் ஞானசெல்வம். அவர் மீதான குறிப்பாணை ரத்து செய்யப்படுகிறது. அவருடைய பெயரை அட்டவணையில் தவறான முறையில் குறிப்பிட்டது ஆய்வகப் பொறுப்பாளர் சண்முகவடிவு. கடைசி வரியை விழுங்கல, முழுசாப் படிச்சேன். மேஜைகிட்ட பேனாச் சத்தம் நின்னு போயிருந்துச்சு.

சிஸ்டர் குழந்தையோட காலை மெதுவா மடிச்சுத் துணியைச் சுத்தினாங்க. கையை வெளியில எடுத்து ஜன்னலை மூடினாங்க. தைலத்தை ஊத்தி விரல் இடுக்கெல்லாம் தேச்சாங்க, உதடு அசைஞ்சுது, ஆமென் வரைக்கும் நான் காத்துட்டு நின்னேன். தாளை வாங்குவாங்கன்னு நினைச்சேன். வாங்கல. மேஜைப் பக்கம் ஒரு தடவை பாத்துட்டு என் பக்கம் திரும்பினாங்க.

'இன்னொரு தடவை படிங்க. சத்தமா.'

'பிள்ளைங்க முழிச்சுக்கும் சிஸ்டர்.'

'முழிச்சா நான் பாத்துக்கிறேன்.'

நான் தாளை நேராப் பிடிச்சு, முதல் வரியிலிருந்து ஆரம்பிச்சேன்.